இட்டேரிக்கு ஏற்ற டயர்

ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை. காலை ஆறு மணிக்குத் துடியலூரில் வீட்டை விட்டு ஜீப்பை எடுத்தேன். தெருமுனையைத் தாண்டுவதற்குள் எதிர்வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது. சத்தம் அப்படி. முந்தின நாள் மாலை உக்கடத்தில் மாட்டிய நான்கு மட் டயர்களும் தார் ரோட்டில் உருளும்போது, மாவு மில்லுக்குள் நிற்பது போல ஒரு ஊளை கேட்டது. ஊர் எழுந்தால் எழட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

நான் கால்நடை மருத்துவர். துடியலூரில் சின்ன கிளினிக். வாரத்தில் ஐந்து நாள் அன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்கள், எல்லாம் தார் ரோடு. புதன்கிழமை மட்டும் புளியம்பட்டியைத் தாண்டி, பவானிசாகர் ரோட்டில் பிரிந்து, கரட்டுப்புதூர் என்ற சிற்றூருக்குப் போகிறேன். வீட்டிலிருந்து ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அதில் கடைசி ஒன்றேகால் கிலோமீட்டர் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலம், இரண்டு பக்கத்து உழவுக்காட்டையும் விடத் தாழ்ந்த மண் தடம். மழை பெய்தால் சுற்றுப்பட்டுத் தண்ணீருக்கெல்லாம் அதுதான் வாய்க்கால். நுழைந்துவிட்டால் வண்டியைத் திருப்பவும் முடியாது.

அங்கே சரஸ்வதி அக்காவின் செவலை மாடு சினையாக இருந்தது. போன ஈற்றில் கன்று தலை மடங்கிக் கிடந்து, ஒரு மணி நேரம் போராடித்தான் வெளியே எடுத்தேன். இந்த முறை வயிறு இன்னும் பெரிது. மாதக் கடைசிக்குள் எந்த நாளும் போன் வரும். வந்தால் ஒன்றரை மணி நேரத்தில் நான் அந்தக் கட்டுத்தரையில் நிற்க வேண்டும். நின்றால் தாயும் கன்றும் பிழைக்கும். ஆனால் மழை தொடங்கிய பிறகு போன மூன்று புதன்களில் இரண்டு தடவை இட்டேரியில் மாட்டி, டிராக்டர் வைத்து இழுக்க வேண்டியதாகிவிட்டது. என் பழைய டயர்களில் பட்டன் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. இனி ஒரு தடவை மாட்டுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு உக்கடத்துக்குப் போனேன்.

கபூர் பாயின் டயர் கடையில் இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். மட் டயருக்குப் பட்டன் ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு. இடைவெளியில் என் விரல் முழுதாக உள்ளே போனது. சேற்றைக் கடித்துப் பின்னால் வீசிவிடும். விலை ஒன்று சுமார் பதிமூன்றாயிரம். அடுத்தது ஆல் டெரெய்ன். பட்டன் நெருக்கம், அதன் மேலெல்லாம் கத்தியால் கீறியது போலக் கோடுகள். தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது. சுமார் பத்தாயிரம்.

"எனக்கு எது சரியா வரும் பாய்?"

"ரெண்டுமே நல்ல டயருங்க மேடம்."

"அது சரி. என் வண்டிக்கு எது?"

"உங்க மனசுக்கு எது புடிக்குதோ அதுங்க."

கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்த எனக்கே சில சமயம் இந்த மரியாதை எரிச்சலாக இருக்கிறது. "மட் டயர்தான் வேணும்" என்றேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "வேற ஒரு பார்ட்டி கழட்டிப்போட்ட செட்டு ஒண்ணு கெடக்குதுங்க. முக்கால்வாசிப் பட்டன் இருக்குது. ஒரு நாளைக்கு மாட்டி ஓட்டிப்பாருங்க. நாளைக்குச் சாயங்காலம் வந்து சொல்லுங்க, எதுன்னாலும் புதுசா வரவெச்சுத் தாரேன்" என்றார். அப்படித்தான் அந்த ஊளை என் வண்டிக்கு வந்தது.

சரவணம்பட்டியில் கம்பெனி பஸ்கள் கிளம்பும் நேரம். கோவில்பாளையம் தாண்டி அறுபதில் போகும்போது ரேடியோவை நிறுத்தினேன், கேட்டால்தானே? ஸ்டியரிங் கனத்தது. ஏழு மணிக்கு அன்னூரில் டீ. கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே, "ஏனுங்க டாக்டரம்மா, வண்டி தூரத்துல வரயிலயே கேட்டுதுங்க. லாரின்னு நெனச்சேன்" என்றார். சிரித்தேன், ஆனால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பளபளவென்ற இரண்டு கார்களுக்கு நடுவே என் ஜீப் அன்று வேட்டைக்குப் போகிற தோரணையில் நின்றது.

புளியம்பட்டியில் மறுநாள் சந்தைக்கான மாடுகள் வரத் தொடங்கியிருந்தன. லாரிகள் ஒதுங்குவதற்காகக் காத்திருந்த நேரத்தில் சரஸ்வதி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ராத்திரி மழைங்களாக்கா? ரோடு எப்படி இருக்கு?"

"நல்லாருக்குதுங்க டாக்டரம்மா. தாராளமா வாங்க."

போன இரண்டு தடவையும், நான் மாட்டிக்கொள்வதற்குச் சற்று முன்னால், இதையேதான் சொன்னார்.

ஏழே முக்காலுக்கு இட்டேரி வாயில். முதல் அரை கிலோமீட்டர் ஒன்றும் சிரமமில்லை. குட்டைக்குப் பக்கத்தில் தடம் இறங்கி ஏறும்; நான் மாட்டுவதெல்லாம் அந்த இடத்தில்தான். இறங்கிப் பார்த்தேன். ஆச்சரியமாக இருந்தது. பள்ளம் மேடு எதுவுமில்லை. மெழுகிவிட்ட வாசல் போலத் தடம் கறுத்து, வழுவழுப்பாக, சமமாகக் கிடந்தது. செருப்பு முனையால் அழுத்தினேன், கணுக்கால் வரை உள்ளே போனது.

நான்கு சக்கர இழுவையில் லோ கியர் போட்டு விட்டேன். நடுவில் வண்டி உட்கார்ந்தது. நான் விடவில்லை. டயர் நான்கும் சுழன்று, சேறு கண்ணாடி வரை பறந்து, இரண்டு பக்க வேலியும் கறுத்து, வண்டி உறுமிக்கொண்டே மேடேறி நின்றது. தனியாகவே கத்திவிட்டேன். பாய்க்குப் போன் போட்டு ஐந்து டயருக்கும் ஆர்டர் சொல்லிவிடலாமா என்று கைகூடப் போனது.

சரஸ்வதி அக்காவும் அவர் வீட்டுக்காரர் சின்னச்சாமி அண்ணனும் கட்டுத்தரையில் நின்றார்கள். செவலையைப் பார்த்தேன். கன்று உயிரோடு, பெரிதாக, இந்த முறை தலை சரியான பக்கம் இருந்தது. "இன்னும் ஒரு வாரம்க்கா. வலி எடுத்ததும் தாமதிக்காம கூப்பிடுங்க" என்றேன். அக்கா காப்பி கொண்டுவந்தார். அவர் வீட்டுக் காப்பியில் விருந்தாளிக்கென்று தனிக் கணக்கு; கரண்டி நிற்கிற அளவுக்குச் சர்க்கரை இருக்கும்.

"காப்பி எப்படிங்க?"

"நல்லா இருக்குக்கா" என்று வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.

அப்போது குட்டைப் பக்கமிருந்து மொபட் ஒன்று திணறி அணைகிற சத்தம் கேட்டது. மூவரும் போய்ப் பார்த்தோம். பால் எடுக்க வரும் கதிர்வேலு, இரண்டு பக்கமும் கேன் கட்டிய வண்டியோடு முழங்கால் வரை சேற்றில் நின்றார். அவரைச் சுற்றி என் டயர் வெட்டிப்போட்ட இரண்டு பள்ளங்கள், கிணற்று வாய்க்கால் ஆழத்துக்கு. அன்றாடம் வருகிற ஆள் அவர். நான் வாரத்துக்கு ஒரு தடவை வருகிறவள்.

"மன்னிச்சுக்குங்கண்ணா, என் வண்டிதான் கிளறிடுச்சு" என்றேன்.

"அட, ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா. சித்த ஈரமுங்க, அவ்வளவுதான்" என்றார் கதிர்வேலு. ஒரு செருப்பு சேற்றுக்குள் எங்கோ போயிருந்தது.

ஆளுக்கு ஒரு கை கொடுத்து மொபட்டைத் தூக்கினோம். சின்னச்சாமி அண்ணன் மட்டும் அந்தப் பள்ளங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பூஜைக்கு வைத்த இலையில் யாரோ கால் வைத்துவிட்ட முகம்.

"என்னங்கண்ணா?"

"ஒண்ணுமில்லீங்க."

"சொல்லுங்கண்ணா."

"நேத்துப் பொழுதோடதானுங்க நெரவிப்போட்டோம்" என்றார் மெதுவாக. "நீங்க வாரீங்கன்னு."

சரஸ்வதி அக்கா மீதியைச் சொன்னார். முதல் மழையில் அங்கே கொஞ்சம் பள்ளம் விழுந்ததாம். டாக்டரம்மா வருகிற தடம் இப்படிக் கிடக்கலாமா என்று, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் டிராக்டரில் மண் கொண்டுவந்து கொட்டி, மட்டம் செய்து வைக்கிறார்கள். என்ன மண்? கோடையில் குட்டையைத் தூர் வாரி, மஞ்சள் காட்டுக்குப் போடுவதற்கென்று சேர்த்து வைத்த வண்டல். ஊரிலேயே நல்ல மண்.

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அந்த வண்டலில் மஞ்சள் விளையும். மழை ஒன்று விழுந்தால் அதன் மேல் எந்தச் சக்கரமும் நிற்காது. நான் இரண்டு தடவை மாட்டியது இவர்கள் உபசாரத்தில். டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டு, அடுத்த வாரம் இன்னும் ஒரு லோடு சேர்த்துக் கொட்டியிருக்கிறார்கள்.

வேலியோரம் பார்த்தேன். உழவில் பொறுக்கி எறிந்த கற்கள், இட்டேரி நெடுக இடுப்புயரக் குவியலாகக் கிடந்தன.

"அக்கா, அந்தக் கல்லைப் போடுங்க. வண்டல் வேண்டாம்."

"அய்யோ, அது காட்டுல ஆகாதுன்னு தூக்கி எறிஞ்சதுங்க டாக்டரம்மா. அதையா உங்களுக்குப் போடறது?"

"அதைத்தான் போடணும். இன்னொண்ணு. நான் போன்ல ரோடு எப்படின்னு கேட்டா, எப்படி இருக்குதோ அப்படியே சொல்லுங்க."

"வாரவங்ககிட்ட ரோடு நல்லால்லேன்னு சொன்னா, வராதீங்கன்னு சொன்ன மாதிரி ஆயிப்போகாதுங்களா?" என்று கேட்டார் சின்னச்சாமி அண்ணன். உண்மையாகவே கேட்டார்.

"ஆகாதுங்கண்ணா. மாடு பிழைக்கணும்னா சொல்லித்தான் ஆகணும்" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். ஒப்புக்கொண்டார்களா, அதுவும் மரியாதைக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது தூறல். அன்னூருக்கு முன்னால் ஒரு வளைவில், பள்ளிக்கூடப் பையை முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மாணவி ஸ்கூட்டியில் திடீரென்று குறுக்கே வந்தாள். பிரேக்கை மிதித்தேன். சேற்றில் அப்படிப் பிடித்த டயர் ஈரத் தாரில் வழுக்கிக்கொண்டே போனது. ஸ்கூட்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் ஓரம் கட்டி இறங்கி, வண்டி வழுக்கி வந்த தூரத்தைப் பார்த்தேன். வாரத்தில் ஒன்றேகால் கிலோமீட்டர் சேறு. மீதியெல்லாம் இந்தத் தார், இந்தக் குழந்தைகள். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

மாலை நாலரைக்கு உக்கடம். "ஆல் டெரெய்னே போடுங்க பாய். ஸ்டெப்னியோட அஞ்சு" என்றேன்.

பாயின் முகம் மலர்ந்தது. "நானும் அதைத்தானுங்க நெனச்சேன்."

"நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க மட் டயருன்னு அத்தனை ஆசையா வந்தீங்க. எப்படிங்க வேண்டாம்னு சொல்றது?"

தலையில் அடித்துக்கொண்டேன். பாய் எனக்கு டீ சொன்னார்.

வெள்ளிக்கிழமை புது டயர் ஏறியது. தார் ரோட்டில் சத்தமில்லை, எதிர்வீட்டு விளக்கு எரியவில்லை. அடுத்த செவ்வாய் விடியற்காலை ஐந்தரைக்குப் போன் அடித்தது. இரவெல்லாம் கொட்டிய மழை அப்போதும் விடவில்லை.

"டாக்டரம்மா, செவலைக்குப் பனிக்கொடம் ஒடஞ்சுபோச்சுங்க."

"கிளம்பிட்டேன்க்கா. ரோடு எப்படி இருக்கு?"

"நல்லா..." என்று பழக்கத்தில் தொடங்கினார் அக்கா. வருகிறவளிடம் அடுத்த சொல்லைச் சொல்வது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"நல்லால்லீங்க" என்றார். "குட்டைக்கிட்டக் கல்லுப் போட்டாச்சு, அது பரவாயில்லீங்க. அதைத் தாண்டி நொசநொசன்னு கெடக்குது. எடதுபக்கம் வராதீங்க, வலது வேலியை ஒட்டி வாங்க. சீக்கிரம் வாங்க அம்மணி."

இட்டேரி வாயில் இறங்கி, நான்கு டயரிலும் காற்றை முப்பத்திரண்டிலிருந்து இருபதுக்கு இறக்கினேன். டயர் பரந்து உட்கார்ந்தது; சேற்றில் பிடிக்க அதுதான் வழி. குட்டை இறக்கத்தில் கற்களின் மேல் வண்டி குலுங்கிக்கொண்டு, ஆனால் நிற்காமல், ஏறியது. அதற்கப்புறம் வலது வேலியை ஒட்டி, கிளுவை முள் கண்ணாடியைக் கீற, ஊர்ந்து போனேன். ஓரிடத்தில் பின்பக்கம் இழுத்தது. கால் எடுக்காமல், அவசரப்படாமல் விட்டேன். பிடித்துக்கொண்டது. ஏழு மணிக்குக் கட்டுத்தரையில் நின்றேன்.

கன்றின் ஒரு முன்னங்கால் மடங்கியிருந்தது. சரி செய்து, சின்னச்சாமி அண்ணனும் நானுமாக இழுத்தோம். கிடாரிக் கன்று. மூக்கைத் துடைத்து வைக்கோலால் தேய்த்ததும் தும்மியது. செவலை திரும்பி அதை நக்கத் தொடங்கியது. நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் இரண்டில் ஒன்று நிச்சயம் போயிருக்கும்.

கிளம்பும் நேரத்துக்கு மழை விட்டிருந்தது. கதிர்வேலுவின் மொபட் கற்களின் மேல் தடதடத்து வந்து போனது. கம்ப்ரஸரை மாட்டி டயருக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தபோது, சரஸ்வதி அக்கா டம்ளரோடு வந்தார். மகிழ்ச்சியில் அன்று சர்க்கரை இன்னும் ஒரு கரண்டி கூடியிருந்தது. முதல் வாயிலேயே பல் கூசியது.

"காப்பி எப்படிங்க?"

நல்லா இருக்குக்கா என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன். இட்டேரியைப் பார்த்தேன். அக்காவைப் பார்த்தேன்.

"சர்க்கரை ரொம்ப ஜாஸ்திக்கா. எப்பவுமே ஜாஸ்தி."

அக்கா டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அடக்க முடியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வருசமாக் குடிச்சீங்களே, ஒரு நாளாச்சும் சொல்லக்கூடாதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, வேறு காப்பி போட உள்ளே போனார்.