மாலுமி என்ன செய்தார்?

காலை ஒன்பது பத்து. சூலியா தெருவிலிருந்து பிரியும் சந்தில், எங்கள் நாளிதழ் அலுவலகத்தின் மாடிப்படியில் நான் முதலில் பார்த்தது எங்களுடைய ஐந்தாம் பக்கத்தை. ஒருவர் அதை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். ஒற்றைப் பத்திச் செய்தி ஒன்றின் தலைப்பைச் சுற்றி நீலப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. 'மாலுமி தப்பி ஓட்டம்'. முந்தைய நாள் வந்த செய்தி. தலைப்பு நான் வைத்தது.

"அந்த மாலுமி நாந்தான் அண்ணாச்சி," என்றார்.

தூத்துக்குடிக்காரர். முப்பதைத் தாண்டியிருக்கலாம். சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் வேலை. சண்டை போட வந்தவர்போல் இல்லை; வங்கி வரிசையில் நிற்பவரைப்போல் நின்றார். மேலே அழைத்துப்போய் உட்காரவைத்தேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொன்னார். கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தது. அனுமதி வாங்கிக்கொண்டு நாலு பேர் படகில் கரைக்கு வந்தார்கள். இவர் கைப்பேசியின் உடைந்த திரையை மாற்றக் கொடுத்துவிட்டுக் கடையிலேயே காத்திருந்தார். திரும்பும் படகு மாலை ஐந்துக்கு. இவர் வெல்ட் கீ படகுத்துறைக்கு வந்தபோது ஐந்து இருபது. படகு போயிருந்தது. அங்கிருந்து நேராகக் கப்பல் நிறுவனத்தின் உள்ளூர் முகவர் அலுவலகத்துக்கு நடந்து போய்த் தகவல் சொன்னார். கப்பல் ஆறரைக்குப் புறப்பட்டது. முகவர் இவரை ஒரு விடுதியில் தங்கவைத்து, குடிநுழைவுத் துறைக்கும் தெரிவித்து, ஊருக்கு விமானச் சீட்டு போட்டுவிட்டார். எங்களிடம் வந்ததற்கு மறுநாள் பயணம்.

எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது மலாய் மொழியில் இரண்டே வரி. இன்ன கப்பலில் வந்த தூத்துக்குடி மாலுமி ஒருவர் கப்பலுக்குத் திரும்பவில்லை, கப்பல் போய்விட்டது. அனுப்பியவர் துறைமுகப் பக்கம் எனக்குப் பழக்கமானவர். அந்த இரண்டு வரியில் ஓட்டமும் இல்லை, தப்பித்தலும் இல்லை. இரண்டையும் சேர்த்தது நான். ஒற்றைப் பத்தியின் அகலத்தில் பெரிய எழுத்தில் நீளமான சொல் உட்காராது. 'கப்பலுக்குத் திரும்பாத மாலுமி' என்று போட்டால் அசிங்கமாக உடையும். பக்கம் அச்சுக்குப் போகப் பத்து நிமிடம் இருந்தது. முகவரைக் கூப்பிட்டுக் கேட்க மூன்று நிமிடம் போதும். கூப்பிடவில்லை.

செய்தியில் பெயர் இல்லை. கப்பலின் பெயரும் அவருடைய ஊரும் இருந்தன. செய்தி வெளியான அன்று மதியத்துக்குள் எங்கள் இணையப் பக்கத்தின் இணைப்பு தூத்துக்குடிக் கப்பல்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், இவரை வேலைக்கு அனுப்பிய நிறுவனத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஓடிப்போன ஆளை இனி எந்தக் கப்பலிலும் ஏற்ற முடியாது என்று அவர்கள் இவருடைய மனைவியிடம் சொல்லிவிட்டார்களாம்.

"லேட்டா வந்தவனுக்குத் திட்டு விழும். ஓடுனவனுக்கு வேலையே கெடையாது அண்ணாச்சி," என்றார்.

திருத்தம் வெளியிட ஆசிரியர் உடனே ஒப்புக்கொண்டார். மாலுமி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எந்த வினையை வைப்பது என்பதில்தான் நேரம் போனது. பக்கம் வடிவமைக்கும் பெண் தன் திரையைப் பார்த்தபடியே, "'மாலுமி சரண்'னு போடுங்கண்ணே. அளவா உக்காரும்," என்றார். வந்தவரின் முகத்தைக் கவனித்துவிட்டு, 'ஆஜர்' என்று மாற்றினார். அது கோர்ட்டில் சொல்வது என்றார் வந்தவர். 'படகைத் தவறவிட்டார்' என்று நான் சொன்னேன். அது உண்மை, அவரும் மறுக்கவில்லை. ஆனால் கம்பெனிக்காரன் அதை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவான் என்றார்.

எனக்கு ஓர் ஆவல் பிடித்துக்கொண்டது. கணினியில் எங்கள் பழைய பக்கங்களைத் திறந்து 'மாலுமி' என்று தேடினேன். கைது, மாயம், மீட்பு, தவிப்பு, பலி. திரும்பத் திரும்ப இவைதான். ஒருவர் சிகரெட் கடத்தியிருந்தார். ஒருவர் அலையில் விழுந்திருந்தார். எந்த மாலுமியும் சமைத்ததாகவோ தூங்கியதாகவோ கரையில் இறங்கிச் சட்டை வாங்கியதாகவோ நாங்கள் எழுதியதில்லை. கப்பலில் ஒரு நாள் முழுக்க என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன். துரு தட்டுவோம், பெயிண்ட் அடிப்போம், கயிறு இழுப்போம், காவல் நிற்போம், துணி துவைப்போம் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். எட்டு விரல் மடங்கியது. ஊரில் அவரைக் கப்பல்காரர் என்பார்களாம். தன்னை மாலுமி என்று எங்கள் பத்திரிகையில்தான் முதன்முதலாகப் பார்த்தாராம்.

பிறகு, முந்தாநாள் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். முகவர் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். அங்கிருந்த எழுத்தர் வருகைப் பதிவேட்டைப் புரட்டி வாசித்தார்: இவர் பெயர், கையெழுத்து, நேரம் ஐந்து நாற்பத்தைந்து. அப்போதே கப்பலுக்குத் தகவல் போயிருக்கிறது. இன்னொரு படகு அனுப்பவா என்றும் கேட்டிருக்கிறார்கள். கப்பல் கேப்டன் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

தொலைபேசியை வைத்துவிட்டு இதைச் சொன்னேன்.

"அப்ப ஓடுனது கப்பல்தான் லா," என்றார் வடிவமைப்பாளர்.

வந்தவர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். அதையே போட்டுவிடுங்களேன் என்றார். போடவில்லை.

'மாலுமி அன்றே தகவல் தெரிவித்தார்' என்பது தலைப்பு. ஒற்றைப் பத்தியில் அடங்காது என்பதால் பக்கத்திலிருந்த ஒரு விளம்பரத்தைக் கீழே இறக்கி, இரண்டு பத்தி அகலம் கொடுத்தோம். உள்ளே நான்கு வாக்கியம், மூன்று நேரங்கள். வந்தார், நடந்தார், சொன்னார், கையெழுத்திட்டார். முதல் செய்தியின் தலைப்பு தவறு என்று ஐந்தாவது வாக்கியமாக ஆசிரியர் சேர்த்தார். இணையப் பக்கத்திலும் மாற்றினோம்.

வெறும் அச்சுப்படி ஊரில் செல்லாது என்றார் அவர். நாளிதழின் கடிதத்தாளில் அதே வாக்கியங்களைத் தட்டச்சு செய்து, ஆசிரியர் கையெழுத்திட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். முத்திரை ஓரத்தில் மங்கலாக விழுந்திருந்தது. இன்னொரு முறை அழுத்தமாகக் குத்தச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில், பெரிய கப்பல்களைக் கரைக்கு இழுத்து வரும் படகு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்தப் படகு துறைமுக எல்லையைத் தாண்டுவதில்லை.