கோமு வீட்டு ஒட்டகம்

டிசம்பர் பிறந்துவிட்டால் சாலோமி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட முடியாது. தட்டை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சாத்தான்குளத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வாழ வந்தவள். பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் பில் போடுவாள். கடைகளில் கிறிஸ்துமஸ் அட்டை வருவது குறைந்து, எல்லோரும் போனிலேயே படம் அனுப்பத் தொடங்கியபோது அவளுக்கு அது பிடிக்கவில்லை. அந்த மேசையில் தானே செய்ய ஆரம்பித்தாள். பென்சில் அழிக்கும் ரப்பரில் படம் வரைந்து பிளேடால் கோடு மட்டும் நிற்கும்படி செதுக்கினால் நட்சத்திரம், மணி, விளக்கு என்று ஒவ்வொரு அச்சாக வரும். கறுப்பு மையில் ஒற்றி அட்டையில் அழுத்துவாள். காய்ந்ததும் வாட்டர்கலர் மார்க்கரால் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு. அந்தக் கோட்டை ஈரத் தூரிகையால் உள்பக்கமாக இழுத்தால் நிறம் மெல்ல மங்கிக்கொண்டே போகும். தண்ணீர் ஒரு சொட்டு கூடினாலும் அட்டை சுருண்டுவிடும். அதனால் மார்க்கரை யாரையும் தொடவிட மாட்டாள். கணவன் ஜெபஸ்டின் ஒருமுறை ஒரு மணிப் படத்துக்கு மஞ்சள் அடித்துப் பார்த்தான்.

"மணியா இது? முத்தின கத்திரிக்கா மாதிரில்லா இருக்கு" என்று கையிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

முதல் வருஷம் அவள் வெட்டியது ஒட்டகம். குழந்தை இயேசுவைப் பார்க்க ஞானிகள் ஏறி வந்த ஒட்டகம். திமில் தட்டையாகிவிட்டது. ஒரு கால் பிளேடோடு போய்விட்டது. கீழ்வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கும்போது, தட்டை மூடிய துணிக்கடியில் அந்த அட்டையையும் வைத்தாள். கீழ்வீட்டுத் தாணுமாலையன் கல்லிடைக்குறிச்சியிலிருந்து அப்பளம் ஏற்றி வரும் வேன் ஓட்டுகிறவர். அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்த நாய் எங்க போகுது?"

"அது ஒட்டகம், அண்ணாச்சி."

"அப்படியா? தெனமும் என் வேனுக்குக் குறுக்க பாயுதது இதுதாம்மா."

அவர் மனைவி கோமு சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சாலோமிக்கு முகம் சுருங்கிப்போனது. அந்த அச்சைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். மறுவருஷம் திமிலெல்லாம் வைத்து நல்ல ஒட்டகமாக வெட்டினாள். அதற்கும் அவர், "நாய் வளந்துட்டே" என்றார். ஆனால் வருகிற அட்டையையெல்லாம் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தார்.

போன ஆடியில் தாணுமாலையன் இறந்துபோனார். வேனை ஓரம்கட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்தவர்தான்.

டிசம்பரில் உறைகளில் பெயர் எழுதிக்கொண்டு வந்தபோது, கோமுவிடம் வந்ததும் சாலோமியின் கை நின்றது. அவள் சொந்தங்களில், சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள். யாரும் அந்த வீட்டுக்கு வாழ்த்து அனுப்ப மாட்டார்கள். எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு என்று பலகாரம் மட்டும் போகும். கோமு விஷயத்தில் முறை தவறிவிடக் கூடாது என்று நினைத்தாள். தட்டில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் எப்போதையும்விடக் கூடுதலாக அடுக்கினாள். அட்டை வைக்கவில்லை.

கோமு தட்டை வாங்கித் துணியை விலக்கினாள். துணியின் மடிப்பைப் பிரித்தும் பார்த்தாள். தட்டோடு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் தட்டு மாடிப்படியில் இருந்தது. வெறும் தட்டாகத் தரக் கூடாதென்று காகிதத்தில் மடித்த சீனி அதில் இருந்தது. எப்போதும் தட்டோடு மேலே வந்து, காபி குடித்து, ஊர்க்கதை முழுவதும் சொல்லிவிட்டுப் போகிறவள் கோமு. அதற்குப் பிறகு குழாயடியில் பார்த்தாலும் குனிந்து குடத்தையே பார்த்தாள்.

வருஷம் முடிகிற நேரம் ஒரு காலையில், மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கோமுவிடம் சாலோமி போய் நின்றாள்.

"மைனி, என்மேல என்ன வருத்தம்?"

"வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல."

"பின்ன ஏன் பேசமாட்டேங்கிய?"

கோமு தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டாள். "தெரு முழுக்க அட்டை போச்சு. முக்கு வீட்டுல நேத்து குடிவந்தவனுக்கும் போச்சு. எனக்கு இல்ல."

"துக்க வீட்டுக்கு எப்படி மைனி வாழ்த்து…"

"செத்தது அவிய. நான் இருக்கேம்லா, ஏட்டி. என் பேரையுஞ் சேத்து அடிச்சிட்டியே."

சாலோமி படியிறங்கி வந்து, கடைக்கு வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டு மேசைமுன் உட்கார்ந்தாள். நட்சத்திரத்தை எடுத்தாள், வைத்தாள். மணியும் அப்படியே. விளக்கைப் பார்த்தால் செத்தவர் படத்துக்கு முன்னால் ஏற்றிவைக்கிற விளக்காகத் தெரிந்தது. லில்லிப் பூவோ கல்லறைக்குப் போகிற பூ. எதை எடுத்தாலும் ஒன்று கொண்டாட்டமாக இருந்தது, இல்லையென்றால் துக்கம் விசாரிப்பதாக இருந்தது. கடைசியில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள்.

ரப்பர் இறுகி, ஓரம் வெடித்திருந்தது. மையில் ஒற்றி அழுத்தினாள். திமில் இல்லை. மூன்று கால். யார் பார்த்தாலும் நாய்தான்.

இதைப் பார்த்துக் கோமு உடைந்துபோனால்? விளையாட்டா என்று முகத்தில் எறிந்தால்? உள்ளே எழுத ஒன்றும் தோன்றவில்லை. 'கோமு மைனிக்கு' என்று மட்டும் எழுதினாள். நிறம் போடக் கை ஓடவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

கோமு அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு அட்டையை வாங்கினாள். தாணுமாலையன் பிடித்ததுபோலவே தூரத்தில் பிடித்தாள். சாலோமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த நாய் இன்னும் இங்கனதான் சுத்துதா?" என்றாள் கோமு. சிரித்தாள். கண்ணைத் துடைக்க முந்தானையைத் தேடினாள். அது முழுக்க ஈரமாக இருந்தது.

அட்டையைக் கிட்டத்தில் கொண்டுவந்து, "கலர் அடிக்கலியா?" என்றாள்.

"என்ன கலர் அடிக்கன்னு தெரியல, மைனி."

"பச்ச. அவிய வேன் பச்சதான."

"பச்ச ஒட்டகமா?"

"பச்ச நாயி. கொண்டா, நான் அடிக்கேன்."

சாலோமி மேலே போய் மார்க்கரும் தூரிகையும் கொண்டுவந்தாள். கோமு ஓரத்தில் கோடு போடவில்லை. வயிறு முழுக்கத் தேய்த்தாள். தூரிகையை அரிசி களைந்த தண்ணீரில் முக்கிச் சொட்டச் சொட்ட எடுத்தாள். 'தண்ணி கூடிரும்' என்று சாலோமிக்கு வாய்வரை வந்தது. பச்சை நிறம் அச்சின் கறுப்புக் கோட்டைத் தாண்டி வழிந்து மூன்று காலுக்கும் நடுவில் தேங்கியது. அட்டை சுருளத் தொடங்கியது.

"சரியா அடிக்கேனாட்டி?"

"நல்லா அடிக்கிய, மைனி" என்றாள் சாலோமி. சுருண்டு எழும்பிய ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.