எண்ணெய்த் தலையும் இரண்டு காதும்

எதிரே தலையாட்டுகிற ஆள் நாம் சொல்வதைக் கேட்கிறாரா இல்லையா என்று தெரியாமல் தவிக்கும் சக பாவிகளே, அதைக் கண்டுபிடிப்பதுதான் திருப்பதியில் எனக்கு வேலை. காதுக்கு ஒன்றாக இரண்டு குரலை ஒரே நேரத்தில் ஓடவிடுவோம். தலையில் மாட்டிய ஒயர்க் குல்லா மூளையின் மின்சாரத்தைப் பிடித்து, ஆள் எந்தக் குரலைக் கவனிக்கிறார் என்று சொல்ல வேண்டும். இருபது பேரிடம் சுத்தமாகப் பதிவு எடுத்தால் ஒப்பந்தம் நீளும். இல்லாவிட்டால் பழையபடி பெங்களூரு கால் சென்டர்தான்.

தலைக்குக் குளித்து வரவும்

எண்ணெய் இருந்தால் ஒயர் ஒட்டாது. திருச்சானூர் பூக்கடை அக்காவிடம் மூன்று முறை சொல்லி அனுப்பினேன். ஷாம்பு போட்டுக் குளித்து, அதன்மேல் வழிய வழிய எண்ணெய் தடவி வந்து நின்றார். ஏன் என்று கேட்டேன்.

"வறண்ட தலையோட தெருவுல நடந்தா, யாரு ஊட்ல சாவுன்னு கேக்க மாட்டாங்களா?"

மொட்டை யோகம்

பிறகுதான் புத்தி வந்தது. மலையிலிருந்து மொட்டையோடு இறங்குபவர்களைப் பிடித்தேன். ஒயர் அட்டையாக ஒட்டியது. கிடுகிடுவென்று பதினெட்டு ஆனது. ஏர்பேட்டுக்காரர் ஒருவர் மட்டும் குல்லாவைப் பார்த்து எழுந்துவிட்டார்.

"மேல முடிய எடுத்துக்கினாங்க. நீங்க உள்ளாற இருக்கறதயும் எடுத்துக்குவீங்களா?"

அவரைச் சமாதானம் செய்து உட்காரவைத்ததில் பத்தொன்பது.

இடது தமிழ், வலது தெலுங்கு

நகரி விவசாயி ஒருவரிடம் தமிழை மட்டும் கேட்கச் சொன்னேன். கவனம் எந்தக் காதில் என்று திரையில் காட்டும் கோடு இரண்டு பக்கமும் ஆடியது. முடிந்ததும் கேள்வி கேட்டால், தமிழ்க் கதையையும் சொன்னார், தெலுங்குச் செய்தியையும் ஒப்பித்தார். பதிவு குப்பைக்குப் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எங்க ஊரு சந்தையில ரெண்டு பாஷயிலயும் வெல கேப்பாங்க. ஒரு காத மூடிக்கினு போயிப் பாரும்மா, தக்காளிய கொட்டிட்டுத்தான் வருவ."

இருபதாவது தலை

கடைசி நாள். குடிபாலாவிலிருந்து என் அப்பாவை, நைனாவையே வரவழைத்தேன். வீட்டில் துன்ன வா என்று பத்து முறை கூப்பிட்டாலும் திரும்பாத மனிதர். இடது காதில் ஒரு நல்ல கதை. வலது காதில், வேறு குரல் கிடைக்காததால், நானே படித்த உரக் குறிப்பு. இடதைக் கேள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கோடு கால் மணி நேரமும் வலது பக்கமே நின்றது. பதிவு செல்லாது. கோபத்தில் கத்திவிட்டேன். நைனா குல்லாவைக் கழற்றாமலே சொன்னார்:

"நீ பெங்களூரு போன நாளா எங்கிட்ட கால் மணி நேரம் சேந்தாப்ல பேசுனதே இல்ல. அத உட்டுட்டு எவனோ சொல்ற கதய கேக்கணுமா?"

கருவி துளியும் தப்பாமல் சொன்ன அந்த ஒரு தலை கணக்கில் சேராமல் போனதால், நான் இப்போது பெங்களூருவில் கேட்காதவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், ஞாயிறுதோறும் நைனாவிடம் கால் மணி நேரம் தவிர.