ஒரு மணி நேரம் குறைவாக வெந்த கீரை

அஜ்லூன் மலைச்சரிவில் இருக்கிற எங்கள் ஊரில், நஸ்மியா காசு கொடுத்துக் கீரை வாங்கியதை யாரும் பார்த்ததில்லை. ஒருத்தி மட்டும் பார்த்ததாகச் சொன்னாள். பையில் இருந்தது சோப்புத்தூள் பொட்டலம் என்று பிற்பாடு தெரிந்தது. அப்படிச் சொன்னவளோடு நஸ்மியா நான்கு வருஷம் பேசவில்லை.

மூத்த மகன் குதைபா கத்தாரில் இருக்கிறான். அவனை வைத்து அவளை உம் குதைபா என்றும், புருஷன் அவ்வாதை அபூ குதைபா என்றும் ஊர் கூப்பிடும். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வாசலில் பதினெட்டு நெய் டின்களில் புதினா, பார்ஸ்லி, வெங்காயத்தாள். பின்கட்டில் மொச்சை, பூண்டு, நான்கு கோழிகள். துணி அலசிய தண்ணீர்கூட சும்மா போகாது, மொச்சைக்குப் போகும். வீட்டில் முளைக்காதது மலையில் முளைக்கும். அவள் கைப்பையில் போன், தஸ்பீஹ் ஜெபமாலை, ஒரு வளைந்த கத்தி இந்த மூன்றும் எப்போதும் இருக்கும். துக்க வீட்டுக்குப் போனாலும் கத்தி கூடவே போகும். அழுதுவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு மடி கீரை வந்து சேரும்.

எங்கே பறித்தாள் என்று மட்டும் கேட்கக்கூடாது. கீரை பறிக்கிறவர்கள் இடத்தைச் சொல்வதில்லை, கூடப் பிறந்தவளுக்கும் சொல்வதில்லை.

"எங்க பறிச்சே உம் குதைபா?"

"மலையில."

"எந்த மலை?"

"உசரமா இருக்குமே, அதுல."

கேட்டவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவாள்.

பறித்ததிலெல்லாம் பெரிய கீரை லூஃப். குளிர்காலத்தில் பாறை இடுக்கில் அம்புமுனை மாதிரி இலை விடும். நம் கருணைக்கும் சேம்புக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தம்பிகள் ரொம்ப சாது. லூஃப் சரியாக வேகாவிட்டால் காறும் என்று சொல்வதெல்லாம் மரியாதைக்காகச் சொல்வது. தொண்டையில் நூறு ஊசியை ஒரே நேரத்தில் ஏற்றும், நாக்கு தடிக்கும், பேச்சு போய்விடும். அதைப் பொடிப்பொடியாக அரிந்து, சுமாக் என்கிற சிவப்புப் புளிப்புத் தூளைக் கொட்டி, மணிக்கணக்கில் வேகவிட்டு அடக்குவார்கள். அடங்கிவிட்டால் அதற்கு ஈடு கிடையாது.

அடங்கியதா என்று எப்படித் தெரியும்? வாயில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கல்யாணமான புதிதில் நஸ்மியாவே வைத்துப் பார்த்தாள். இரண்டு நாள் குரல் இல்லை. அந்த இரண்டு நாளைப் பற்றி மாமியார் சாகும்வரை ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அந்த வேலை அவ்வாதுக்கு வந்தது. முப்பத்தோரு வருஷமாக ஒரு கரண்டியை ஊதி அவர் வாயில் வைப்பாள். அவர் இருமினால் இன்னும் ஒரு மணி நேரம் வேகும். இருமாவிட்டால் இறக்கிவிடலாம். ருசியைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

மகள் சுஹாவுக்கு இருபத்தேழு வயது. அஜ்லூன் சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். நஸ்மியாவின் இடங்கள் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேரும் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். போகும்போதும் சண்டை, வரும்போதும் சண்டை. இவள் வேரோடு பிடுங்கினாள் என்பாள் அம்மா, உனக்குக் கண் தெரியவில்லை என்பாள் மகள். நஸ்மியாவுக்கு வாரத்தில் அதைவிட நல்ல நேரம் வேறு கிடையாது. ஆனால் அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த சுஹாவைப் பெண் கேட்டு அம்மானிலிருந்து வருகிறார்கள். பையன் பெயர் ஐஹம், பரிசோதனைக் கருவிகளைப் பழுது பார்க்கிறவன். சுகாதார நிலையத்துக்கு ஒரே கருவியைப் பழுது பார்க்க ஐந்து முறை வந்துவிட்டான். ஐந்தாவது முறை கருவியில் பழுதே இல்லை. அப்பா இல்லாதவன், பெரியப்பா ஹாஜி ஃபவ்வாஸ் வளர்த்தவர். சுஹாவுக்குப் பிடித்திருந்தது. அவ்வாதுக்கும் குறை ஒன்றும் தெரியவில்லை. நஸ்மியாவுக்கு இரண்டு குறை தெரிந்தது. ஹாஜி ஃபவ்வாஸ் அம்மான் பெரிய சந்தையில் காய்கறி, கீரை மொத்த வியாபாரி. ஐஹம் வீடு நான்காவது மாடி.

"பால்கனி இருக்கா?" என்று மகளைக் கேட்டாள்.

"இருக்கும்மா."

"என்ன வெச்சிருக்காங்க?"

"ஏசி மெஷின்."

நஸ்மியா வாசலுக்குப் போய்ப் பதினெட்டு டின்களுக்கும் தண்ணீர் ஊற்றினாள். இரவு சாப்பாடு முடிந்ததும் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"அபூ குதைபா, உடனே சரின்னு சொல்லிடாதீங்க. விசாரிக்கணும், ஒரு மாசம் குடுங்கன்னு கேளுங்க."

"ஒரு மாசத்துல என்ன ஆகும்?"

"என்னவாவது ஆகும். அவ போயிட்டா நான் யார்கூட மலைக்குப் போவேன்? உங்ககூடவா? நீங்க நாலு எட்டு வெச்சா மூணு தடவ உக்காருவீங்க."

அது உண்மை என்பதால் அவர் சம்மதித்தார். ஒரு மாதம் கேட்டால் பெண் வீட்டுக்கு இஷ்டமில்லை என்று அர்த்தம், வந்தவர்கள் திரும்ப வரமாட்டார்கள். இது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த சுஹாவுக்கும் காது கேட்கும்.

எங்கள் பக்கத்தில் பெண் கேட்கிற முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வந்த பெரியவர் முன்னால் காப்பிக் கோப்பையை வைப்பார்கள். அவர் அதைத் தொடாமல், வந்த விஷயத்தைப் பேசிக் கேட்பார். பெண்ணின் அப்பா "காப்பியைக் குடிங்க" என்று சொன்னால் பெண் கொடுத்தாயிற்று. சொல்லாவிட்டால் கோப்பை அப்படியே ஆறிக் கிடக்கும், வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். வேறு எதையும் குடித்து நடுவில் தாகம் தீர்த்துக்கொள்வது கௌரவமில்லை.

வருகிற நாளில் நஸ்மியா விடியற்காலையில் லூஃபை அடுப்பில் ஏற்றினாள். பெண் கொடுக்கிறாளோ இல்லையோ, கீரை வியாபாரிக்குக் கீரை என்றால் என்ன என்று காட்டாமல் அனுப்புவதாக இல்லை. அவ்வாதுக்கு முந்தின நாளே கன்னம் வீங்கியிருந்தது. வீங்கின கன்னத்தோடு சம்பந்திகள் முன்னால் உட்காரவா என்று காலையில் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வந்ததும் போன் அடித்தது. ஜெராஷ் தாண்டிவிட்டோம், சீக்கிரமே வந்துவிடுகிறோம் என்றார்கள். நஸ்மியா பதறிப்போய்க் கரண்டியை ஊதிப் புருஷன் வாயில் வைத்தாள்.

அவர் இருமவில்லை.

"தேன் மாதிரி இருக்கு" என்றார்.

முப்பத்தோரு வருஷத்தில் வராத பாராட்டு அது. அதிலேயே அவள் உஷாராகியிருக்க வேண்டும். பல் மருத்துவர் போட்ட மரமரப்பு ஊசி அவர் நாக்கையும் சேர்த்துத் தூங்கவைத்திருந்தது. அந்த நேரத்தில் கரண்டியில் மண்ணெண்ணெய் கொடுத்திருந்தாலும் தேன் என்றுதான் சொல்லியிருப்பார். அவள் சட்டியை இறக்கிவிட்டாள்.

வந்தவர்கள் மூன்று பேர். ஹாஜி ஃபவ்வாஸ், ஐஹம், அவன் அம்மா. கூடவே ஒரு அட்டைப்பெட்டி. ஹாஜி அதைப் பெருமையாகத் திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் உறையில் ரப்பர் வளையம் போட்ட குபைஸா. தெருவோரத்தில் ஆடு மிதித்துப் போகிற கீரை அது.

"அம்மான்ல இதுக்கு இப்ப என்ன கிராக்கி தெரியுமா, உம் குதைபா?"

"காசு குடுத்தா வாங்குறாங்க?"

"வரிசையில நின்னு!"

"அல்லா காப்பாத்தட்டும்" என்றாள் நஸ்மியா. பெட்டியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் கோழிகளுக்குப் போட்டாள். கோழிகள் தின்றன. கோழிகளுக்கு ரோஷம் கிடையாது.

பேசி முடிக்கும்வரை சாப்பாட்டையும் தொடக்கூடாது என்றுதான் முறை. ஆனால் ஹாஜி ஒன்றரை மணி நேரம் காரில் வந்தவர், லூஃப் வாசனை கூடம் முழுக்க நின்றது. காப்பிதான் கணக்கு, சாப்பாடு கணக்கில்லை என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு தட்டு சாப்பிட்டார். ஐஹமின் அம்மா ஒரு தட்டு. அவ்வாத் மூன்று தட்டு, "கூச்சப்படாம சாப்பிடுங்க, தேன் மாதிரி இருக்கு" என்று எல்லாருக்கும் எடுத்து எடுத்து வைத்தார். நாக்கில் சுருக்கென்றதை வந்தவர்கள் சுமாக்கின் புளிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள், லூஃப் தொண்டைக்கு ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பரிமாறுகிற பெண்கள் இருவரும் பிறகுதான் சாப்பிடுவார்கள். ஐஹம் மட்டும் ரொட்டியும் ஆலிவும் தின்றுகொண்டிருந்தான்.

"தம்பி ஏன் கீரை தொடல?" என்றாள் நஸ்மியா.

"சின்ன வயசுலேர்ந்து கீரை மூட்டை மேல படுத்துத் தூங்குனவன்மா. பச்சையா எதைப் பாத்தாலும் பயமா இருக்கு."

அவள் மனதில் குறைகள் மூன்றாயின.

சுஹா காப்பி கொண்டுவந்து பெரியவர் முன்னால் வைத்தாள். ஹாஜி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இப்படிப் பேசுவதில் அவர் பேர்போனவர், அரை மணிக்குக் குறைந்து விடமாட்டார்.

"அல்லாவோட பேரால ஆரம்பிக்கிறேன். நாங்க உங்க வீட்டுக்கு வந்தது..."

அதோடு நின்றது. மறுபடி கனைத்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. முகம் தக்காளியாகச் சிவந்தது. ஐஹமின் அம்மா முக்காட்டு முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவ்வாதின் நாக்கு தூங்கினாலும், ஒரு கரண்டிக்கு அசையாத தொண்டை மூன்று தட்டுக்கு விழித்துக்கொண்டது. அவர் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, முப்பத்தோரு வருஷத்தில் இல்லாத பார்வை ஒன்றைப் பெண்டாட்டி மேல் வீசினார்.

நஸ்மியா சட்டியைத் திரும்பிப் பார்த்தாள். ஐயோ, வேகவில்லை! ஓடிப்போய் ஒரு ஜாடி நிறைய மோர் கொண்டுவந்து ஹாஜி முன்னால் வைத்தாள். ஹாஜி ஜாடியைப் பார்த்தார். பிறகு காப்பிக் கோப்பையைக் காட்டினார். ஜாடியைத் தள்ளி வைத்தார். செத்தாலும் கேட்காமல் குடிக்கமாட்டார். கேட்க முடியாது. அவர் தொடாததால் ஐஹமின் அம்மாவும் தொடவில்லை. பதில் சொல்ல வேண்டியவருக்கும் குரல் இல்லை. குரல் இருக்கிற ஐஹம் சிலையாக உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளைப் பையன் தனக்குத் தானே பெண் கேட்டான் என்று ஒரு பேச்சு வந்தால் ஏழு தலைமுறை சிரிக்கும்.

அப்போதுதான் நஸ்மியாவுக்கு உறைத்தது. ஒரு மாதம்கூடக் கேட்க வேண்டாம். சும்மா நின்றால் போதும். இவர்கள் இப்படியே எழுந்து டாக்டரிடம் போவார்கள், விஷம் வைத்த வீடு என்று சொல்லித் திரும்பியே பார்க்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமைகள் அவளுக்கே மிஞ்சும்.

சுஹா கதவோரம் நின்றிருந்தாள். பெரியவரைப் பார்க்கவில்லை, அந்தப் பையனையும் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்தாள். "நீ வேணும்னே செஞ்சியாம்மா?" என்று கேட்கிற பார்வை. கோபம் இருந்திருந்தால் நஸ்மியா தாங்கியிருப்பாள், சண்டை அவளுக்குப் பழக்கம். அந்தக் கண்ணில் கோபமே இல்லை. கீரை கிடைக்காத நாளில் காலி சாக்கை மடிப்பாளே, அந்த முகம். நஸ்மியா கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

"காப்பியைக் குடிங்க ஹாஜி" என்றாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பெண்பிள்ளை சொல்கிற வார்த்தை இல்லை அது.

"என்ன பாக்குறீங்க? நீங்க கேட்டதா வெச்சுக்குங்க, இவரு சொன்னதா வெச்சுக்குங்க. பொண்ணு உங்க பொண்ணு. குடிங்க, தொண்டை வெந்து போகுது!"

ஹாஜி அவ்வாதைப் பார்த்தார். அவ்வாத் பலமாகத் தலையாட்டினார், மோர் ஜாடியைப் பார்த்தபடியே. ஹாஜி காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு ஜாடியை எடுத்து யாருக்கும் கொடுக்காமல் பாதியைக் குடித்தார்.

அவர்கள் போனதும், குரல் கொஞ்சம் திரும்பியதும், அவ்வாத் காகிதம் கிழிகிற சத்தத்தில் கேட்டார்: "ஒரு மாசம் கேக்கச் சொன்னது நீதானே?"

"தேன் மாதிரி இருக்குன்னு சொன்னது நீங்கதானே?" என்றாள் நஸ்மியா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், மிச்ச லூஃபை மறுபடி அடுப்பில் ஏற்றிவிட்டு, அதன் எதிரில் உட்கார்ந்து அழுதாள்.

கல்யாணம் கோடையில் நடந்தது. நஸ்மியா வெள்ளிக்கிழமைகளில் தனியாகப் போனாள். சண்டை போட ஆளில்லாமல் மூன்று மணி நேர வேலை ஒன்றரை மணியில் முடிந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் போன் வந்தது.

"யம்மா, லூஃப் வெச்சிருக்கேன்."

"அம்மான்ல ஏதுடி லூஃப்? காசு குடுத்தா வாங்குனே?" நஸ்மியாவின் குரல் ஏறியது.

"சீச்சீ. பறிச்சேன்."

"எங்க?"

"சுவரோரத்துல."

"எந்தச் சுவரு?"

"நீளமா இருக்குமே, அதுல."

போனில் யாரோ இருமுவது கேட்டது.

"யாருடி அது?"

"இவருதான். ஒரு கரண்டி ஊதிக் குடுத்தேன்."

"பச்சையப் பாத்தாலே பயப்படுற பையனாச்சே!"

"கண்ண மூடிக்கிட்டு வாயத் தொறந்தாரும்மா."

நஸ்மியா போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற, நேர்மையான இருமல்.

"இன்னும் ஒரு மணி நேரம் வேகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அவ்வாத் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னவாம்? மாப்பிள்ளை எப்படி இருக்காராம்?"

"இருமுறாரு" என்றாள் நஸ்மியா. முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தங்கமான பையன்."