கார்புரேட்டருக்கு நான் தைத்த உறை

எனக்கு அவசரம் ஜாஸ்தி. பத்து நிமிட வேலையை எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, மற்றவர்கள் ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று எரிந்து விழுகிற ஜாதி நான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் மேல்தோல் தைத்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு சூப்பர்வைசர் என் தையலைத்தான் காட்டுவார். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இல்லை என்றால் பொய்.

கம்பெனியை விட்டது என் கணவருக்காக. தோல் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், பள்ளிகொண்டா தாண்டி ஹைவே ஓட்டல் ஒன்றின் பின்னால் கிடந்த தரிசைக் குத்தகைக்கு எடுத்தார். ஏலகிரியில் ஒரு விடுதிக்காரர் கழித்துக்கட்டிய இரண்டு ஏடிவி வண்டிகளை வாங்கிவந்து நிறுத்தினார். பைக்குக்கு இருப்பது போல ஹேண்டில்பாரும் சீட்டும், கீழே நான்கு தடித்த டயரும் உள்ள வண்டி. பெங்களூருக்குப் போகிற குடும்பங்கள் சாப்பிட்ட கையோடு வந்து, மண்ணில் இரண்டு ரவுண்டு அடித்துவிட்டுப் போவார்கள். இதற்கெல்லாம் யார் வருவார்கள் என்று நான்தான் கேலி செய்தேன். வந்தார்கள்.

சிவப்பு வண்டி ஒழுங்கு. நீலம் பேஜார். சும்மா நிற்கும்போது நன்றாக ஓடும். கட்டைவிரலால் ஆக்சிலேட்டரை அழுத்தினால் இருமும், திக்கும், பிறகு திடீரென்று பாயும். விரலை எடுத்தாலும் வேகம் உடனே இறங்காது. மெக்கானிக் இதோ வருகிறேன் என்று சொல்லியே மூன்று நாள் கடத்தினார். நான்காம் நாள் அவர் கழற்றும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கார்புரேட்டர் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. காற்றும் பெட்ரோலும் கலக்கிற ஒரு சின்னப் பாத்திரம். உள்ளே ஒரு உருளை. அது மேலே ஏறினால் வண்டி ஓடும், இறங்கினால் அடங்கும். கேபிள் அதைத் தூக்கும், ஸ்பிரிங் இறக்கும். அடுத்த முறை நானே கழற்றினேன். பெட்ரோலில் கழுவி, அடைத்திருந்த துளையை மெல்லிய செம்புக் கம்பியால் குத்தி, திரும்ப மாட்டினேன். ஒரு வாரம் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடியும் திக்கியது.

இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கேபிள் கார்புரேட்டரின் தலைக்குள் நுழையும் இடத்தில் சிவப்பு வண்டிக்கு ஒரு ரப்பர் உறை இருந்தது. நீலத்துக்கு இல்லை. அந்த வழியாகப் புழுதி இறங்கி உருளையைச் சிக்கவைத்துக்கொண்டிருந்தது. ரப்பர் உறை சென்னையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். யார் காத்திருப்பது? எங்கள் ஊரில் எந்த வீட்டைத் திறந்தாலும் கம்பெனியில் மிஞ்சிய வெட்டுத்தோல் ஒரு பை கிடக்கும். கதவு ஆடினால் அதில் ஒரு துண்டு, குழாய் ஒழுகினால் ஒரு துண்டு. மெல்லிய தோலாகப் பார்த்து எடுத்து, விரல் நீளத்துக்கு ஒரு உறை தைத்து, கேபிளின் மேல் இறுக்கமாக மாட்டினேன். வண்டி சொன்னபடி கேட்டது. விரலை அழுத்தினால் ஏறியது, விட்டால் இறங்கியது.

"இன்னாமே, ஷூவ விட இதத்தான் அழகா தெச்சிருக்க" என்றார் என் கணவர்.

"உங்க வாய்க்கும் ஒண்ணு தெச்சித் தரட்டா?" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் ஓட்டல்காரர் எட்டிப் பார்த்தார்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு இரண்டு நாள் விடாத மழை. கொட்டகை ஒழுகி வண்டி முழுதாக நனைந்தது. மழை விட்ட பிறகு இரண்டு நாள் நல்ல வெயில், நல்ல கூட்டம். மூன்றாம் நாள் காலை, ஆட்கள் வருவதற்கு முன், வழக்கம்போல அவர் நீல வண்டியை ஓட்டிப் பார்த்தார். வளைவில் திரும்பியபோது சத்தம் ஏறியது. திரும்பி முடித்த பிறகும் இறங்கவில்லை. நான் நிமிர்வதற்குள் வண்டி வேலியின் கல்தூணில் மோதி அவர் மேலேயே கவிழ்ந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் இருந்தோம். இடுப்புக்குக் கீழே உணர்வு இனி வராது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். மோதிய நிமிடம் அவருக்கு ஞாபகமே இல்லை. பார்க்க வந்தவர்கள் ஆளாளுக்குப் பேசி, பதற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். அவரும் அதை நம்பிவிட்டார்.

திரும்பி வந்த பிறகுதான் நான் நீல வண்டியின் பக்கம் போனேன். உறை மரக்கட்டையாக விறைத்துச் சுருங்கியிருந்தது. நனைந்த தோல் சூட்டில் காய்ந்தால் சுருங்கும். எங்கள் ஊரில் இது தெரியாதவர் கிடையாது. பதினோரு வருடம் தோலிலேயே கை வைத்தவள் நான். ஹேண்டிலை முழுதாகத் திருப்பினேன். விறைத்த உறை, கேபிள் கம்பியைச் சுற்றியுள்ள மேல்குழாயை அது உட்கார வேண்டிய குழியிலிருந்து வெளியே இழுத்தது. நேராக்கிய பிறகும் அது விளிம்பிலேயே நின்றது. அதனால் உள்கம்பி இழுபட்டு, உருளை தூக்கியபடியே இருந்தது. விரலை எடுத்தாலும் வண்டி பாயும். மழைக்குப் பிறகு ஒரே ஒரு முறை ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். அரை நிமிட வேலை.

உறையை பிளேடால் அறுத்து, ஓட்டல் அடுப்பில் போட்டு எரித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பயம்தான், வேறு என்ன? சென்னையிலிருந்து ரப்பர் உறை வரும்வரை காத்திருந்து, அதை மாட்டிச் சோதித்த பிறகே வண்டிகளை நாட்றம்பள்ளிக்காரர் ஒருவருக்குக் கொடுத்தேன். காத்திருக்க அப்போது எனக்குத் தெரிந்திருந்தது.

மறுபடியும் கம்பெனிக்குப் போகிறேன். வந்ததும் அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைப்பேன். அப்போதெல்லாம் அவர், "என்னாலதான் உனக்கு இந்தக் கஷ்டம், மன்னிச்சிடுமே" என்பார். "வாய மூடுங்க" என்று கத்துவேன். இரண்டு வருடம் இப்படிப் போனது. போன மாதம் ஒருநாள் கத்த முடியவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உறை, மழை, ஹேண்டில், அடுப்பு, எல்லாம்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"என்னைத் தேத்த இன்னா கதையெல்லாம் கட்டுற."

"கதை இல்லீங்க. என் கண்ணால பாத்தேன்."

"அப்ப அந்தத் தோல் எங்க?"

"எரிச்சிட்டேன்னு சொல்றேனே!"

"சரி, சரி" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் போனில் தன் தங்கையிடம், "பழியத் தூக்கி அவ தலைல போட்டுக்குறா. இந்த மாதிரி பொண்டாட்டி யாருக்கு அமையும்?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நெசமாவே என் தப்புதான்" என்று அவளிடமும் சொன்னேன். "நீங்க மனுஷியே இல்ல அண்ணி, தெய்வம்" என்றாள்.

அவள் கிளம்பிப் போனதும் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தேன். வழக்கம்போல மன்னிப்புக் கேட்டார்.

"சரி, மன்னிச்சிட்டேன்" என்றேன்.

இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.