நேற்றைய சோறும் அக்காவின் சாத்தேயும்

எங்கள் அக்காவின் ஆண்டுத் திவசத்துக்காகக் கிரின்ஸ்டெட் வரை கார் ஓடி வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் இந்த நினைவு மலர் வழியாகக் குடும்பத்தின் சார்பில் வணக்கம். நான் அவருக்கு அடுத்துப் பிறந்த தம்பி. நடந்தவற்றை நடந்த ஒழுங்கிலேயே குறித்து வைப்பது என் பழக்கம். எனவே, போன ஆண்டு அச்சிட்ட அஞ்சலிப் பத்திரத்தின் இரண்டு பிழைகளை முதலில் திருத்துகிறேன்.

அக்கா கணவரைத் தொடர்ந்து டென்மார்க் வந்தார் என்று அதில் இருந்தது. தவறு. அக்காதான் முதலில் வந்தார். அத்தான் பிறகு வந்தார். நம்மூர் ஒடியற் கூழை விரும்பி உண்பார் என்றும் இருந்தது. அக்கா கூழ் குடித்து நான் கண்டதில்லை. அவர் விரும்பி உண்டது சாத்தேயும் நாசி கோரெங்கும். அதை அச்சிடக் கூச்சப்பட்டவர்கள் யார் என்பது எனக்குத் தெரியும்.

அக்கா கரவெட்டியில் பிறந்தவர். அவர் பள்ளியில் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். தையல் தைத்து என்னையும் படிக்க வைத்து, சண்டை ஊருக்குள் வந்தபோது அம்மாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாக மாறியவர். எண்பதுகளின் கடைசியில், ஒரு பனிக்காலத்தில், தனியாக இங்கே வந்திறங்கினார். தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை. அதே வரிசையில் நின்றவர் யான்தி, இந்தோனேசியாவின் ஜாவாவில் பிறந்தவர். இருவருக்கும் அப்போது டேனிஷ் அரைகுறை. மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளை மாற்றிக்கொள்வதற்கு அது போதுமானதாக இருந்தது.

யான்தியின் பெட்டியில் இருந்ததுதான் சாத்தே. இறைச்சியைச் சிறு துண்டுகளாக வெட்டி, மல்லி, மஞ்சள், புளி, இனிப்பான சோயா சோஸ் எல்லாம் பிரட்டி ஊறவைத்து, மூங்கில் குச்சியில் கோத்துத் தணலில் வாட்டுவது. தொட்டுக்கொள்ள, அரைத்த கச்சான் கடலையில் குழம்பு. அக்கா வீட்டில் முதன்முறை செய்தபோது குச்சிகளைத் தண்ணீரில் ஊறப்போட மறந்து, இறைச்சிக்கு முன் குச்சி எரிந்தது. பிறகு மறந்ததில்லை. பனி கொட்டும் நாளிலும் சேலைக்கு மேல் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, வீட்டின் பின்புறத்தில் காட்போட் மட்டையால் தணலை விசிறுவார். உள்ளே நாசி கோரெங் என்ற பொரித்த சோற்றுக்கு முதல்நாள் அவித்து ஆறவைத்த சோறு காத்திருக்கும். அன்றைக்கு அவித்த சோறு தாச்சியில் குழைந்துவிடும். ஒருநாள் ஆறிய சோறுதான் உதிரியாகப் பொரியும்.

அக்காவின் மகள் நிவேதாவின் பிறந்தநாள் என்றால் இதுதான் விருந்து. புரொண்பியில் இருந்து வரும் என் மச்சாள் முறையான ஒருவர் (பெயர் வேண்டாம், இந்த மலர் அவர் கையிலும் இருக்கும்) வெறும் ஐஸ்கிரீம் டப்பாக்களோடுதான் காரை விட்டு இறங்குவார்.

“பிள்ளை, அந்தக் கச்சான் குழம்பிலை இன்னும் ரெண்டு அகப்பை விடு. திரும்பிப் போக எவ்வளவு தூரம், வழியிலை பசிக்கும்.”

“மச்சாள், உங்களுக்கு வழி முழுக்கப் பசிதான். போனமுறை கொண்டுபோன என்ர சட்டியைக் கொண்டந்தனீங்களோ?” என்பார் அக்கா.

“அது எங்கை போகப்போகுது. நீ விடு.”

கடைசி மாதங்களில் அக்காவால் விழுங்க முடியவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி மகளிடம் சொன்னார், நானும் அத்தானும் பக்கத்தில் நின்றோம்: “நிவேதா, எனக்குப் படைக்கேக்கை சாத்தேயும் நாசியும் வை. யான்தியைக் கூப்பிடு. ஆரும் பழஞ்சோறு எண்டு சொன்னா, அம்மாதான் சொன்னவ எண்டு சொல்லு.” நிவேதா டேனிஷில் சரி என்றாள். “தமிழிலை சொல்லு, அப்பதான் நம்புவன்,” என்றார் அக்கா. “ஓம் அம்மா,” என்றாள்.

அந்த ஓம் என்ன ஆனது என்பதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

எட்டுச்செலவு, இறந்தவர் விரும்பியதைச் சமைத்துப் படைக்கும் நாள். நிவேதா முதல்நாள் பின்னேரமே சோற்றை அவித்து ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தாள். காலையில் மச்சாள் அதைத் திறந்து பார்த்தார்.

“செத்தவீட்டிலை பழஞ்சோறு படைக்கிறதோ? கொம்மா என்ன பிச்சைக்காரியோ?”

“அம்மாதான் சொன்னவ, மாமி.”

“ஆஸ்பத்திரியிலை கிடக்கிற வருத்தக்காரர் ஆயிரம் சொல்லுவினம்.”

சோறு குப்பைக்குள் போனது. புதிதாக அவித்துச் சுடச்சுடப் பொரித்தார்கள், களியாக வந்தது. படையலை ருசி பார்க்கக்கூடாது என்று கச்சான் குழம்பை யாரையும் நாவில் வைக்கவிடவில்லை. அதில் உப்பு இல்லை. கோத்த இறைச்சியைக் குச்சியிலிருந்து உருவிக் கறியில் போட்டார்கள். ஊறவைத்த குச்சிகளோடு விடியவே வந்த யான்தியை, பிற ஆட்கள் படையலில் கைவைக்கக்கூடாது என்று முன் அறையில் உட்கார்த்தி, தேத்தண்ணி கொடுத்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அக்காவோடு நின்றவர், கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தார். அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இழவு வீட்டில் சத்தம் போடக்கூடாது என்று என் கையைப் பிடித்தவரும் அவரே.

முறை என்கிறார்கள். எட்டுச்செலவு எட்டாம் நாளில் நடக்க வேண்டும் என்பதும் முறைதானே. எல்லோருக்கும் லீவு வேண்டும் என்று அதைச் சனிக்கிழமைக்குத் தள்ளியபோது யாரும் வாய் திறக்கவில்லை. நம் கறியில் போடும் மிளகாய் கடல் கடந்து வந்தது என்பது வரலாறு வாசித்தவர்களுக்குத் தெரியும். அதைப் படையலிலிருந்து எடுக்கச் சொன்னவரும் இல்லை. நாளை மாற்றலாம், மிளகாயைச் சேர்க்கலாம். அக்காவின் கடைசி விருப்பம் மட்டும் வளையக்கூடாத இடமாகிவிட்டது. உயிரோடு இருந்தபோது டப்பா டப்பாவாகக் கொண்டுபோன சாப்பாடு, அவர் கண்ணை மூடியதும் ‘சீனச் சாப்பாடு’ ஆனது.

அக்காவின் வருத்தக் காலத்தில் அவரைக் காரில் ஏற்றி இறக்கிய அயலவர்களுக்கும், வீட்டுக்கு வந்து கவனித்த தாதியருக்கும், தொழிற்சாலைத் தோழர்களுக்கும், இன்றைய கிரியையை நடத்தித் தரும் ஐயாவுக்கும் எங்கள் நன்றி. யான்திக்கு நன்றி சொல்வதற்கு முன் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. போன கிழமை நானும் அத்தானும் அவர் வீட்டுக்குப் போனோம். அத்தான்தான் கேட்டார். யான்தி, “தணலுக்குக் கரி இருக்கிறதா?” என்று மட்டும் டேனிஷில் கேட்டார்.

இன்றைய திவசம் மரக்கறியோடு முடியும். நாளை மதியம் இறைச்சியோடு மச்சம் படைக்கிறோம். இன்று பின்னேரம் நிவேதா சோறு அவிப்பாள். குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் அத்தான் கதிரை போட்டு உட்காரப்போவதாகச் சொல்லியிருக்கிறார். யான்தி வாட்டுவார், கச்சான் குழம்பை ருசி பார்ப்பார், குச்சியோடே படைப்பார். எல்லோரும் வாருங்கள். மச்சாளும் வரவேண்டும். டப்பா கொண்டுவரத் தேவையில்லை, அக்காவின் சட்டியைக் கொண்டுவந்தால் போதும்.