சொறியாத சொறி

வல்லை வெளிக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அந்த வெளியில் ஒதுங்குவதற்கு ஒரு மரமும் கிடையாது. தோளில் ஒரு சாக்கு, சாக்குக்குள் ஒரு பெட்டை நாய். உள்ளங்கால்கள் வெடித்துப் பொருக்குக் கட்டியிருந்ததால் அதை நடத்திக்கொண்டு போக முடியவில்லை. சாக்கு வாயால் அதன் தலை மட்டும் வெளியே தெரிந்தது. ஈ மொய்க்காமல் மேலே ஒரு துணியைப் போட்டிருந்தேன்.

வல்வெட்டித்துறையில் படகும் வலையும் வைத்திருந்த ஒரு சம்மாட்டியாரிடம் வலை இழுத்துக்கொண்டிருந்தவன் நான். கரையில் வலை வைக்கும் ஓலைக் கொட்டிலான வாடியில் படுப்பேன். இந்த நாய் என் பாயின் கால்மாட்டில் வந்து படுக்கும். அதனால் எல்லாரும் அதை என்னுடைய நாய் என்றார்கள், நானும் மறுக்கவில்லை.

நாய்க்கு வந்த வருத்தம் மூக்குத் தண்டில் தொடங்கியது. அரிசி மணியளவு சீழ்க் கொப்புளங்கள் வரும், ஒரு நாளில் உடையும், மஞ்சளாய்ப் பொருக்குக் கட்டும். பிறகு இரண்டு காதும், கண்ணைச் சுற்றியும், கடைசியாக உள்ளங்காலும். இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படியே. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: சொறி. சொறிக்கு எங்கள் பக்கத்தில் மருந்தும் ஒன்றுதான்: எஞ்சினிலிருந்து இறக்கிய கழிவொயிலும் கந்தகமும். அரசாங்கம் எரிபொருள் எதையும் யாழ்ப்பாணப் பக்கம் விடாத அந்தப் போர்க்காலத் தடையிலும் எவனோ ஒரு பழைய தகரத்திலிருந்து கறுப்பு ஒயிலை வழித்து வந்து நாய்க்குப் பூசினான். பொருக்கு இருந்த இடமெல்லாம் தோலோடு கழன்றது.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் பின்னேரம் சம்மாட்டியார் வாடிக்கு வந்தார்.

“உந்தச் சொறி என்ரை பேரப்பிள்ளையளுக்குத் தொத்தினால் ஆரடா பொறுப்பு? கல்லைக் கட்டிக் கடலிலை விட்டிட்டு வா. இல்லாட்டி நீயும் வேலைக்கு வராதை.”

“அப்ப நான் வரேல்லை, சம்மாட்டியார்.”

“நாய்க்காக வேலையை விடுறியே? உனக்கு விசர் கிசர் பிடிச்சிட்டுதோ?”

நான் அதற்கு முன்பும் பல வேலைகளை விட்டவன். சண்டையில் விட்டிருக்கிறேன், அலுத்துப்போய் விட்டிருக்கிறேன், ஷெல்லடிக்குப் பயந்தும் விட்டிருக்கிறேன். எங்கே போகிறேன் என்று தெரிந்து கிளம்பியது இதுதான் முதல் தடவை. யாழ்ப்பாணத்தில் மாட்டாஸ்பத்திரி இருந்தது. அது பூட்டுவதற்குள் போய்ச் சேரவேண்டும்.

போகும் வழியில், ஆவரங்காலில், சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து என்னோடு கூட வந்தார்.

“என்ன தம்பி, சாக்குக்கை மீனோ?”

“நாய், அண்ணை.”

“நாயோ! தடையெண்டு கேள்விப்பட்டனான், நாய் விக்கிற அளவுக்கு வந்திட்டுதெண்டு தெரியாது.” எட்டிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். “ஐயோ, சொறி. கழிவொயில் பூசினனியோ?”

“பூசியாச்சு.”

“அப்ப காணாது. இன்னும் பூசு.”

மாட்டாஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது டொக்டர் வீட்டுக்குப் போவதற்கு ஆயத்தமாக நின்றார். நாயைப் பார்த்ததும் கைப்பையை மறுபடி மேசையில் வைத்தார். கால்களைத் திருப்பிப் பார்த்தார், காதை மடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சொறியுதோ?”

எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள், இதை ஒருவரும் கேட்கவில்லை. நாய் காலை நக்கும், நடுங்கும், எழும்பமாட்டாமல் கிடக்கும். சொறிந்து நான் காணவில்லை.

“இல்லை, ஐயா.”

“சொறியாத நாய்க்குச் சொறி எண்டு ஆர் காணும் பேர் வைச்சது?”

மின்சாரம் இல்லை. நுணுக்குக்காட்டியைச் சன்னலடிக்கு நகர்த்தி, அதன் கண்ணாடியில் வெளிச்சம் பிடித்தார். தோலைச் சுரண்டியதில் சொறியை உண்டாக்கும் பூச்சி ஒன்றும் இல்லையாம். உடையாத ஒரு கொப்புளத்தைக் குத்தியெடுத்ததை நெடுநேரம் பார்த்தார்.

“மதில் கட்டேக்கை கல்லுக்கு இடையிலை சாந்து வைக்கிறமெல்லே? தோலிலையும் அப்பிடி ஒரு பசை இருக்கு. இதின்ரை உடம்பே அந்தப் பசையை எதிரியெண்டு நினைச்சு அரிக்குது. கல்லெல்லாம் தனித்தனியாக் கழண்டு கிடக்கு. உது ஒருத்தருக்கும் தொத்தாது.”

“மாறுமோ, ஐயா?”

“மாறாது. அடக்கி வைக்கலாம். மருந்துக் குளிசை இருக்கு, ஆனால் தடையாலை வாறது குறைவு. இருக்கிறதிலை பாத்துப் பாத்துத்தான் தரலாம். ஏழு நாளைக்கு ஒருக்கா, ஒவ்வொரு கிழமையும் கொண்டந்து காட்டவேணும். இடையிலை சடாரெண்டு நிப்பாட்டக் கூடாது. வெயில் படவே கூடாது.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: “அலையிற ஆளெண்டால் ஏலாது, தம்பி. ஊசியும் இருக்கு. நோகாமல் சீவன் போயிடும். உம்மடை விருப்பம்.”

நாய் மேசையில் படுத்துக்கொண்டு என் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியை முகர்ந்து பார்த்தது.

“குளிசையைத் தாங்கோ,” என்றேன்.

“கிழமைக் கிழமை வருவீரோ?”

“வருவன்.”

சொல்லிவிட்டு வெளியே வந்தபோதுதான் கணக்குப் புரிந்தது. வலை இழுப்பது, தோட்டம் கொத்துவது, விறகு பிளப்பது, கல்லுடைப்பது என்று எனக்குத் தெரிந்த வேலை எல்லாம் வெயிலில்தான். நான் வெயிலுக்குப் போனால் நாயும் பின்னாலே வரும். கட்டிப்போட எனக்கு வீடில்லை. அன்றிரவு ஒரு பூட்டிய கடையின் தாழ்வாரத்தில் படுத்தோம். வாங்கி வைத்த சோற்றில் முதல் குளிசையைப் பிசைந்து கொடுத்தேன், மிச்சம் வைக்காமல் தின்றது.

விடிந்ததும் வெயிலுக்கு முந்திக் கொக்குவிலுக்கு நடந்தேன். அங்கே சுருட்டுச் சுற்றும் கொட்டில்கள் இருந்தன. மூன்றாவது கொட்டிலில் முதலாளி வாசலிலேயே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சுருட்டுச் சுத்தத் தெரியுமோ?”

“தெரியாது.”

“அப்ப இலையிலை நடு நரம்பு கிழிக்கிற வேலைதான் இருக்கு. பொம்பிளையள் செய்யிற வேலை. நாள் முழுக்கக் குந்தியிருக்கவேணும். உம்மைப் பாத்தால் ஒரு இடத்திலை இருக்கிற ஆள் மாதிரித் தெரியேல்லை.”

“இருப்பன். நாய் என்ரை பக்கத்திலை கிடக்கும். அதுக்கு ஓமெண்டால் சரி.”

“இலையிலை வாய் வைச்சால் ரெண்டு பேரும் வெளியிலை.”

உள்ளே ஓலைக் கூரை தாழ்ந்து, பகலிலும் மங்கலாக இருந்தது. புகையிலை நெடி கண்ணைக் கரித்தது. வரிசையில் இருந்த பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் சிரித்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். நாயைச் சுவரோரத்தில் சாக்கின் மேல் இறக்கிவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்து, முதல் இலையைக் கையில் எடுத்தேன்.